துப்பாக்கிக்கு ஒரு எதிரி வேணும்

இந்தப் பக்கமா வந்துருங்க அண்ணாச்சி. அந்த ஜன்னல் அடைக்காது, மழை வந்தா தொப்பலா நனைஞ்சிருவீங்க. தென்காசிக்குத்தான? நானும் அங்கதான். கலெக்டர் ஆபீஸ்ல ஒரு விசாரணை. அய்ய, தள்ளி உக்காராதீங்க, திருட்டுக் கேஸெல்லாம் இல்ல. துப்பாக்கி விஷயம். அட, பையைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க? எங்கிட்ட துப்பாக்கி இல்ல. இல்லாததுதான் விஷயமே. உக்காருங்க.

அதோ, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டுல பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு விறைப்பா ஒருத்தரு இருக்காருல்லா, அவரு பேரு குத்தாலிங்கம். என் சகலை. எங்க வீட்டுக்காரி உலகம்மாளோட அக்காளைக் கட்டினவரு. அவருக்கும் அதே விசாரணைதான். ஒரே ஊரு, ஒரே பஸ்ஸு, ஒரே ஆபீஸு, பேச்சு மட்டும் கிடையாது. என்னைச் சுட்டுக் கொல்லப்போறேன்னு நாலு பேரு முன்னால சொன்னவரு அவருதான். சொல்லச் சொன்னவன் நான்.

மெதுவாவா? நான் ஏன் மெதுவாப் பேசணும்? அவரு காதுல விழுந்தா விழட்டும். நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்.

என் பேரு கோமதிநாயகம். வடகரம்பையில பந்தல், நாற்காலி, பாத்திரம், மைக் செட்டு எல்லாம் வாடகைக்கு விடுதேன். காதுகுத்துல இருந்து கருமாதி வரைக்கும் நம்ம நாற்காலியிலதான் ஊரே உக்காரும். அப்பேர்ப்பட்ட எனக்கு ஊருல என்ன பேரு தெரியுமா? சேர்க்காரரு. சகலைக்கு என்ன பேரு? துப்பாக்கிக்காரரு. மலையடிவாரத்துல அவருக்கு ஒரு தோட்டம் கெடக்கு. காட்டுப்பன்னி வந்து கிழங்கைப் பிடுங்கிப் போடுதுன்னு எந்தக் காலத்துலயோ லைசென்ஸ் வாங்கி ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வச்சிருக்காரு. ஒரு தடவை கூடச் சுட்டது கிடையாது. அது பன்னிக்கும் தெரியும். ஆனாலும் மாமியார் வீட்டுல ஒரு விசேஷம்னா, "துப்பாக்கிக்காரரு வந்துட்டாரு, முன்னால நாற்காலி போடுங்க"ன்னு ஒரே அமளி. அந்த நாற்காலி என் நாற்காலி அண்ணாச்சி. கொண்டு போய்ப் போடுதவனும் நான்தான்.

உங்களுக்குன்னா வலிக்குமா வலிக்காதா? நீங்களே சொல்லுங்க.

போன ஆடியில ஒரு ஞாயித்துக்கிழமை சகலை எங்க வீட்டுக்கு வந்தாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா வந்துருவாரு. ரெண்டு பேரும் முறுக்கு தின்னுக்கிட்டு கிரிக்கெட் பாப்போம், அவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. அன்னைக்கி முறுக்கைக் கையில எடுக்காமலே சொன்னாரு. "கோமதி, அந்தத் துப்பாக்கிய வித்துரலாம்னு பாக்கேன்வே. ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் அதைத் தூக்கிக்கிட்டுப் போய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், பெறகு போய் வாங்கணும். பூட்டின பெட்டியில வச்சுக் காவல் காக்கணும். ஒரு ஊருக்குப் போக முடியல, ஒரு கோயிலுக்குப் போக முடியல. உங்க மைனிக்குப் பதில் சொல்லுததை விட அதுக்குத்தான் ஜாஸ்தி பதில் சொல்லுதேன்" அப்படின்னாரு.

எனக்குப் புரிஞ்சிபோச்சி. மனுசனுக்குத் துப்பாக்கிய ஆளுத தெம்பு போயிட்டு. "நான் வாங்கிக்கிடுதேன்"னு சொல்லிட்டேன். சமையக்கட்டுல ஒரு பாத்திரம் கீழ விழுந்துச்சி. அது உலகம்மாளோட பதிலு, நான் கண்டுக்கிடல.

மறுநாளே நல்ல நேரம் பாத்து வெத்தலை, பாக்கு, ஒரு சீப்பு பழம் எல்லாம் தட்டுல வச்சி, துப்பாக்கியச் சுத்திக் கொண்டுவர ஒரு புது ஜமுக்காளமும் எடுத்துக்கிட்டுப் போனேன். சகலை தட்டை வாங்கிக்கிட்டாரு. பழத்தையும் உரிச்சிட்டாரு. துப்பாக்கிய மட்டும் தர மாட்டேங்காரு. "நீ முதல்ல லைசென்ஸ் வாங்கணும்வே. பெறகு நான் இன்னாருக்கு விக்கப்போறேன்னு ஸ்டேஷனுக்கு எழுதிக் குடுக்கணும். குடுத்துட்டு ஒன்றரை மாசம் பொறுக்கணும். அதுக்கு முன்னால உன் கையில குடுத்தா ரெண்டு பேரும் உள்ள போக வேண்டியதுதான்" அப்படின்னாரு. "ஒரு நாளைக்கு எங்க வீட்டுச் செவத்துல மாட்டி அழகு பாத்துட்டுத் தாரேனே"ன்னு கேட்டேன். "ஒரு நிமிசம் கூட முடியாது"ன்னுட்டாரு. மாடு வாங்கினா அன்னைக்கே கயித்தக் கையில குடுப்பாங்க. இது என்ன பிராணின்னு எனக்கு வெளங்கல.

சரின்னு மனு எழுதி கலெக்டர் ஆபீஸுக்குக் கொண்டு போனேன். துப்பாக்கி எதுக்கு வேணும்னு ஒரு கேள்வி இருந்துச்சி. "ஆசை"ன்னு எழுதியிருந்தேன். அங்க இருந்த மேடம் வாசிச்சிட்டு, "ஆசைக்கெல்லாம் தர மாட்டாங்க சார். பயிர் பாதுகாப்பா?"ன்னு கேட்டாங்க. மொட்டை மாடியில ஒரு பாவக்காய்க் கொடி நிக்கி, அதச் சொன்னேன். "பன்னி மாடிப்படி ஏறுமா?"ன்னு கேட்டாங்க. எங்க ஊருப் பன்னியைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? சரி, அது போகட்டும்னு விட்டுட்டேன். "அப்ப தற்காப்புன்னு எழுதுங்க. ஆனா உங்க உயிருக்கு யாரால ஆபத்துன்னு காட்டணும்"னாங்க. எழுதிட்டேன். எழுதினது சுளுவு.

அதுக்கு நடுவுல டாக்டர் சர்டிபிகேட். உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு அவரு எழுதணும். டாக்டரு கேக்காரு, "கோவம் வருமா?"ன்னு. துப்பாக்கிக்கு வந்தவன் கோவம் வராதுன்னா மதிப்பானா? "பயங்கரமா வரும் சார், கண்ணு மண்ணு தெரியாது"ன்னேன். அவரு எழுதுததை நிப்பாட்டிட்டாரு. உலகம்மா பின்னால நின்னவ முன்னால வந்துட்டா. "இவுகளுக்கா கோவம்? சேவல் கொத்த வந்தா என் முதுகுக்குப் பின்னால வந்து நிப்பாக டாக்டர். தீவாளிக்கு வெடிச் சத்தம் கேட்டா காதுல பஞ்சு வச்சிக்கிட்டு உள் ரூம்புல படுத்துக்கிடுவாக." டாக்டரு சிரிச்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டாரு. சர்டிபிகேட் கிடைச்சிட்டு, மானம் போயிட்டு. துப்பாக்கிப் பயிற்சியும் முடிச்சேன். கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டேன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. ஒரு கண்ணு லேசாத் திறந்துதான் இருந்துச்சி.

இனி ஆபத்துக்கு ஒரு ஆளு வேணும். அங்கதான் அண்ணாச்சி மாட்டிக்கிட்டேன். ராத்திரி பகலா யோசிச்சிப் பாக்கேன், எனக்கு ஒரு எதிரி கூட இல்ல! இத்தனை வருசம் தொழில் பண்ணியிருக்கேன், ஒருத்தனுக்காவது நம்ம மேல ஒரு கடுப்பு இருக்கக்கூடாதா?

இல்லன்னா உண்டாக்கிக்கிட வேண்டியதுதானன்னு கிளம்பினேன். மேலத்தெருவுல செல்லையா வாத்தியார் வீட்டுல கல்யாணம். மறுவீடு முடிஞ்சும் பந்தல் நிக்கி, சொந்தக்காரங்க அதுக்குக் கீழ சீட்டு ஆடிக்கிட்டு இருக்காங்க. நான் போனேன். ஒரு வார்த்தை சொல்லாம பந்தலைப் பிரிச்சி, உக்காந்திருக்கவங்களை எழுப்பி நாற்காலிய உருவிட்டேன். சாப்பாட்டு நேரம் வேற. வாத்தியாரு ஓடி வந்தாரு. சரி, இன்னைக்கி ஒரு அறை உண்டுன்னு கன்னத்தைத் தயார் பண்ணி வச்சிருக்கேன். மனுசன் என்னைக் கட்டிப் பிடிச்சிட்டாரு. "நாயகம், நீ நல்லா இருப்படே. இவங்களை எப்படிக் கிளப்புததுன்னு தெரியாம நாங்க தவிச்சிக்கிட்டு இருந்தோம்" அப்படின்னு ஒரு பை நிறைய அதிரசம் குடுத்து அனுப்பினாரு.

சுடலை டீக்கடைக்குப் போனேன். "இது டீயா, கழனித் தண்ணியா?"ன்னு டீயத் தரையில ஊத்தினேன். சுடலை என் நெத்தியத் தொட்டுப் பாக்கான். "மொகமே சரியில்லையே, பித்தம் கூடியிருக்கும்"னு சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தான். துட்டும் வாங்கல. இந்த ஊரை வச்சிக்கிட்டு என்ன செய்ய?

மனுவைப் பத்தி விசாரிக்க ஸ்டேஷன்ல இருந்து ஏட்டையா தேவசகாயம் வந்தாரு. நல்ல மனுசன், பொறுமையாத் தெருத்தெருவாப் போய் விசாரிச்சாரு. கடைசியில கடைக்கு வந்து சொல்லுதாரு, "ஊரே உங்களைத் தங்கம்னு சொல்லுது. இப்படி ஒரு நல்ல பேரு நான் எழுதினதே கிடையாது. ஆனா ஒரு எதிரியும் இல்லையே, உங்களுக்குத் துப்பாக்கி எதுக்கு?" பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. கெட்டவன்னா துப்பாக்கி கிடையாது. நல்லவன்னா துப்பாக்கி எதுக்குன்னு கேள்வி. அப்ப நான் எப்படித்தான் இருந்து தொலைக்கணும்? உலகம்மாகிட்டயும் கேட்டாராம், உங்க வீட்டுக்காரரு உயிருக்கு யாரால ஆபத்துன்னு. "இப்பத்தைக்கு என்னாலதான்"னு சொல்லியிருக்கா. வியாழக்கிழமை காலையில இன்னொரு தடவை வருவேன், அதோட ரிப்போர்ட்டை முடிச்சிருவேன்னு ஏட்டையா சொல்லிட்டுப் போயிட்டாரு.

வேற வழி? சகலைகிட்டப் போய் நின்னேன். "நீங்கதான் விக்கணும்னு சொன்னீங்க. விக்கணும்னா எனக்கு லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் வேணும்னா எனக்கு எதிரி வேணும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" அவரு முதல்ல முடியாதுன்னாரு. "உன்னை எப்படிவே நான் கொல்லுவேன்னு சொல்ல?"ன்னு கேட்டாரு. அப்படிப்பட்ட மனுசன். நான்தான் விடல.

வாடகைச் சாமான் போட்டு வைக்குத என் கிட்டங்கியில நாற்காலி அடுக்குக்கு நடுவுல வச்சி ரிகர்சல் பாத்தோம். "கோமதி, உன்னைக் கொன்னுருவேன்ப்பா"ங்காரு, ஏதோ பாயசம் விளம்பட்டுமான்னு கேக்குத மாதிரி. சத்தம் பத்தலன்னு மைக்கைக் கையில குடுத்தேன். மைக்கைப் பாத்ததும், "ஹலோ, ஒன், டூ, த்ரீ, கொன்னுருவேன்"ங்காரு. தலையில அடிச்சிக்கிட்டேன். "சும்மா கொல்லுவேன்னா யாரு நம்புவா? ஒரு கனம் வேணும்லா? துப்பாக்கியச் சேத்துச் சொல்லுங்க"ன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். நல்ல யோசனைதான அண்ணாச்சி? இப்பவும் சொல்லுதேன், யோசனையில தப்பு கிடையாது.

வியாழக்கிழமை. சுடலை கடையில ஏட்டையா டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு. நான் இந்தப் பக்க பெஞ்சியில. சகலை வந்தாரு. வந்து என் பக்கத்துல உக்காந்து, "மூட்டு வலி எப்படி இருக்குவே?"ங்காரு! கண்ணைக் காட்டுதேன், காலை மிதிக்கேன், ஒண்ணும் ஓடல அவருக்கு. பெறகு டக்குன்னு எந்திரிச்சாரு. மொகம் செவந்துட்டு. "ஏலே கோமதி! என் மக கல்யாணத்துல நீ போட்ட பந்தல் ஒழுகி சம்பந்தி தலையில தண்ணி கொட்டிச்சேடா! அன்னைக்கே உன்னைச் சுட்டிருக்கணும். துப்பாக்கி வீட்டுல சும்மாதான் கெடக்கு. ரெண்டு குழலும் உனக்குத்தாம்லே!"

பந்தல் ஒழுகினது ரிகர்சல்ல கிடையாது. அது அவரு சொந்தமாச் சேத்தது. அது ஒழுகவும் இல்ல, காத்து அடிச்சிது, சாரல் வந்துச்சி, அம்புட்டுத்தான். ஆனா என்ன ஒரு நடிப்புங்கீங்க! எனக்குப் புல்லரிச்சிட்டு. ஏட்டையா டீ கிளாஸைக் கீழ வச்சிட்டாரு. நான் நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு, "பாத்தீங்களா ஏட்டையா, பாத்தீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டேன். வேலை முடிஞ்சிதுன்னு வீட்டுக்குப் போய் துப்பாக்கி மாட்டுததுக்குச் செவத்துல ஆணியும் அடிச்சிட்டேன்.

அன்னைக்கி சாயங்காலமே ஜீப் வந்துச்சி. எங்க வீட்டுக்கு இல்ல, சகலை வீட்டுக்கு. லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவரு ஒருத்தரைச் சுடுவேன்னு சொல்லியிருக்காரு, ஏட்டையாவே சாட்சி, சும்மா விடுவாங்களா? துப்பாக்கிய எடுத்துக்கிட்டாங்க. தோட்டாவையும் எடுத்துக்கிட்டாங்க. லைசென்ஸை ஏன் ரத்து பண்ணக்கூடாதுன்னு நோட்டீஸும் குடுத்துட்டாங்க. தெருவே வேடிக்கை பாத்துச்சி. மைனி, அதான் சகலை வீட்டுக்காரி, அழுதுக்கிட்டு நின்னாங்களாம்.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவருக்காக இல்ல, என் மனு என்ன ஆச்சின்னு கேக்கத்தான். சரி, அவருக்காகவும்தான்னு வச்சிக்கிடுங்க. இன்ஸ்பெக்டரம்மா என்ன சொன்னாங்கங்கீங்க? "பயப்படாதீங்க சார். உங்களை மிரட்டினவரு துப்பாக்கிய எடுத்தாச்சி. இனி உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்ல. அதனால உங்களுக்குத் துப்பாக்கி தேவையும் இல்ல" அப்படின்னுட்டாங்க. எப்படி இருக்கு கணக்கு? நான் வாங்க வேண்டிய துப்பாக்கி ஸ்டேஷன்ல கெடக்கு. இருந்த ஒரு எதிரியும் காலி.

ஏட்டையா பெறகு தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு, அவரு லேசா மோப்பம் பிடிச்சிருக்காரு போல. "தென்காசியில விசாரணை வரும். உங்களைக் கேப்பாங்க. மிரட்டினது நெசம்னு சொன்னீங்கன்னா உங்க சகலை லைசென்ஸ் போயிரும், அவரு மேல கேஸும் வரும். நடிப்புன்னு சொன்னீங்கன்னா, போலீஸுக்குப் பொய்த் தகவல் குடுத்தவருன்னு உங்க மேல நடவடிக்கை வரும். ஆயுசுக்கும் உங்களுக்குத் துப்பாக்கி பேச்சே கிடையாது. யோசிச்சிச் சொல்லுங்க"ன்னாரு. இன்னைக்கித்தான் அந்த விசாரணை.

என்ன சொல்லப்போறேனா? அதத்தான் அண்ணாச்சி நானும் ஊருல இருந்து யோசிச்சிக்கிட்டு வாரேன். நெசம்னுதான் சொல்லணும், சட்டப்படி. நான் என்ன செஞ்சேன்? அவரு விக்கணும்னாரு, நான் ஒத்தாசை பண்ணினேன். அதுக்கு ஒரு நன்றி வேண்டாம், பேசலாம்லா? அன்னையில இருந்து ஒரு வார்த்தை கிடையாது. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்காரு. அவுக அக்காளும் தங்கச்சியும் மட்டும் தெனமும் போன்ல பேசிச் சிரிச்சிக்கிட்டுக் கெடக்காங்க, ரெண்டு கிறுக்கனுங்களைக் கட்டிட்டோம்னு.

போன மாசம் மாமியார் வீட்டுல ஒரு வளைகாப்பு. சகலை வந்தாரு. வந்ததும் யாரும் முன்னால நாற்காலி போடுங்கன்னு சொல்லல. துப்பாக்கி போயிட்டு, பேரும் போயிட்டு. இதுக்குத்தான அண்ணாச்சி நான் இத்தனை வருசம் ஆசைப்பட்டேன்? சந்தோசமா இருக்கும்னு நெனச்சேன். இல்ல. நானே நல்ல நாற்காலியாப் பாத்து, கை வச்ச நாற்காலி, துடைச்சி, முன் வரிசையில கொண்டு போய்ப் போட்டேன். என்னைப் பாத்தாரு. நாற்காலியைப் பாத்தாரு. விசேஷம் முடியுத வரைக்கும் தூணுல சாஞ்சி நின்னுக்கிட்டே இருந்தாரு, என் நாற்காலியில உக்கார மாட்டேன்னு. அவருக்கும் மூட்டு வலி உண்டு, எனக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தா என்னத்தையோ பறிகொடுத்த மாதிரி இருக்கு. டிவியப் போட்டா யாரு ஜெயிச்சான்னே தெரிய மாட்டேங்குது. முன்னாலயும் தெரியாதுதான், ஆனா தெரியலன்னு சொல்லிக்கிட ஒரு ஆளு இருந்துச்சில்லா. நெசமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, அவரு ஒரே ஒரு வார்த்தை வந்து பேசட்டும். "கோமதி, என்னைக் காப்பாத்துவே"ன்னு கூட வேண்டாம். சும்மா ஒரு வார்த்தை. பேச மாட்டேங்காரே! அம்புட்டு வீம்பு. பந்தல் ஒழுகிச்சாம்ல, பந்தல்! அந்த சம்பந்தி தலையில விழுந்தது ரெண்டு சொட்டு. ரெண்டே சொட்டு! அதையும் அந்த ஆளு கல்யாணக் கெறக்கத்துல...

ஆங்? யாரு கூப்பிட்டா?

"ஏலே கோமதி! ஏறினதுல இருந்து என் மானத்தை ஏலம் போட்டுக்கிட்டு வார! சொட்டாலே அது, சொட்டா? அருவிலே! இன்னும் ஒரு வார்த்தை பேசினே, இந்த பஸ்ஸுலயே வச்சி உன்னைக் கொன்னே போட்டுருவேன், ஆமா!"

அண்ணாச்சி! கேட்டீங்களா? பேசிட்டாரு! என்னைப் பாத்துத்தான சொன்னாரு? கோமதின்னுதான சொன்னாரு? கை வேற நீட்டிச் சொன்னாரு, பாத்தீங்கள்லா? மைக் இல்லாமலே பஸ்ஸு பூரா கேட்டுருக்கும்.

என்ன? சாட்சி சொல்ல வருவீங்களா? எதுக்கு? கலெக்டர் ஆபீஸுக்கா? ஒரு ஆபீஸுக்கும் வர வேண்டாம். நீங்க என்ன கேட்டீங்க? ஒண்ணும் கேக்கல. அவரு ஒண்ணும் சொல்லவே இல்ல, தூக்கத்துல ஏதோ முனங்கினாரு. என் சகலை ஒரு எறும்பைக் கூட நசுக்க மாட்டாரு, அதத்தான் இப்பம் போய் அங்க சொல்லப்போறேன். அன்னைக்கி டீக்கடையில நடந்ததுக்குப் பூரா நான்தான் பொறுப்புன்னு சொல்லப்போறேன். என் மேல என்ன நடவடிக்கையும் எடுத்துக்கிடட்டும்.

கொஞ்சம் கால ஒதுக்கிக்கிடுங்க அண்ணாச்சி. சகலை பக்கத்துல சீட்டு காலியாத்தான் இருக்கு.